ஒறுக்கும் மொழி எம்மொழி?

ஈராண்டுக்கு முன்பு ஒரு மாலை வேளை. திருவரங்கத்தில் அடையவளைந்தான் தெருவிலுள்ள என் வீட்டுத் திண்ணைக்கு, மேலூர்ப் பக்கத்து வாழைத்தோட்டமொன்றில் கூலிக்கு உழைக்கும் முதியவர் ஒருவர் வந்தார். அவர் மகன் முன்னாளில் என்னிடம் எட்டாம் வகுப்புவரை படித்தவன். தீய கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு வழக்கில் அகப்பட்டான், குற்றம் மெய்ப்பட்டது, சிறைக்கும் போனான். அதில் முதியவர்க்கு வழக்கில்லை. "செஞ்சான், அனுபவிக்கிறான்" என்றார். மடியிலிருந்து அவர் எடுத்து நீட்டியது தீர்ப்பின் படி. ஏழு தாள், ஏழும் ஆங்கிலம்.

"வாத்தியாரய்யா, இதுல மொத்தம் எத்தனை வருசம்னு போட்டிருக்கு? ஒருத்தர் மூணுங்கிறாரு, ஒருத்தர் அஞ்சுங்கிறாரு" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தேன். ஒரு குற்றத்திற்கு ஈராண்டு, மற்றொன்றிற்கு மூவாண்டு, இரண்டும் ஒருங்கே கழியும் என்று கண்டிருந்தது. ஆகவே மூன்றாண்டே. ஒருங்கே என்னும் பொருள் தரும் ஒற்றை ஆங்கிலச் சொல் விளங்காமையால், அவரும் அவர் மனைவியும் பன்னிரண்டு நாள் ஐந்தாண்டுக் கணக்கைச் சுமந்திருந்தனர். இன்னொன்றும் கேட்டார். தண்டத்தொகை கட்டத் தவறினால் ஒரு திங்கள் 'எசு.ஐ.' என்று எழுதியிருந்தது. அவர் அறிந்த எசு.ஐ. காவல்நிலையத்து உதவி ஆய்வாளர்தாம். "எசு.ஐ. கிட்ட ஒரு மாசம் போய்க் கையெழுத்துப் போடணுங்களா?" என்றார். வெறுங்காவல் என்று எழுதியிருந்தால் அவர் என் திண்ணையேறியிருக்க வேண்டுவதில்லை.

அன்பர்களே, ஓர் அரசு தன் குடிமகனிடம் பேசும் பேச்சுகளிலெல்லாம் கடுமையானது ஒறுப்புப் பேச்சு. வரி கேட்கும்போது பணத்தைக் கேட்கிறது. ஒறுக்கும்போது ஆளையே கேட்கிறது. அந்தப் பேச்சேனும் ஆளுக்கு விளங்கவேண்டாவா?

முறைமன்ற வாயிலில் நம் மக்கள் வாயில் வழங்கும் சொற்களை ஒரு நாழிகை நின்று கேட்டுப் பாருங்கள். கைதி, சாமீன், வக்கீல், வாய்தா, ஆசர், சப்தி, அமீனா, இரத்து. இவற்றுள் ஒன்றேனும் தமிழன்று. பெரும்பாலும் அரபி, பாரசீக வழியாக வந்தவை. வந்த வழியைத் திருவரங்கத்தான் பிறரினும் எளிதாகக் காண்பான். 1752ஆம் ஆண்டு சூன் திங்களில் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபும் அடைபட்டுப் பணிந்தது காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட இத் தீவிலேதான். சந்தா சாகிபு தலையிழந்தான். முகம்மதலி ஆர்க்காட்டு நவாபாக நிலைத்தான். நவாபின் அலுவல்மொழி பாரசீகம். 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கருநாடகப் பகுதியின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போனபோது, அவர்கள் அரண்மனையை மாற்றினார்களேயன்றி அலுவலகச் சொற்களை மாற்றவில்லை. சென்னையில் அவர்கள் நடத்திய குற்ற மேல்மன்றத்தின் பெயரே 'பௌசுதாரி அதாலத்து'. பிறகு 1860ஆம் ஆண்டின் ஒறுப்புச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. அரபியின் மேல் ஆங்கிலம் படிந்தது. தமிழனோ இரண்டின் கீழும் கிடந்தான்.

இவ்விடத்தில் துருக்கி நாட்டை நினைக்கவேண்டும். நூறாண்டுக்கு முந்திய துருக்கியன் ஒருவனைத் திருச்சிராப்பள்ளி மன்ற வாயிலில் கொண்டுவந்து நிறுத்தினால், நம் பேச்சில் பாதி அவனுக்கு உறவாகத் தோன்றியிருக்கும். நம் வக்கீல் அவனுக்கு 'வெக்கில்', நம் ஆசர் அவனுக்கு 'அசிர்', நம் வாய்தா 'வாதெ', அதாலத்து 'அதாலெத்'. ஏனெனில் அவன் முறைமன்றமும் அரபி, பாரசீகச் சொற்களால் கட்டிய மன்றமே. ஊர்ப்புறத்துத் துருக்கி உழவனுக்கும் அரண்மனைத் துருக்கி மொழிக்கும் இருந்த தொலைவு, மேலூர் முதியவர்க்கும் அந்த ஏழு தாளுக்கும் இருந்த தொலைவே.

அவர்கள் என்ன செய்தார்கள்? 1928இல் எழுத்தை மாற்றினார்கள். 1932இல் முசுதபா கெமால் மொழிக்கழகம் ஒன்று நிறுவினார். ஊர்ப்புறங்களிலும் பழஞ்சுவடிகளிலும் சொல் திரட்டினார்கள். திரட்டிய சொற்களைப் பொத்தகத்தில் பூட்டிவைக்காமல் அலுவலகத்தில் புழங்கவிட்டார்கள். சான்றாளர்க்கு 'சாகித்' என்ற அரபுச் சொல்லிருந்த இடத்தில் 'தனிக்' வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு 'சனிக்', காவலில் வைக்கப்பட்டவனுக்கு 'துதுக்லு', நடுவர்க்கு 'யார்கிச்சு', அரசு வழக்குரைப்பவர்க்கு 'சவ்சி' என்று சொற்கள் நிலைத்தன. அடிப்படைச் சட்டத்திற்கு 'அனயாசா' என்று பெயரிட்டார்கள். தாய்ச்சட்டம் என்று பொருள். (அவர்கள் மொழியில் தாய்க்கு 'அன' என்று பெயர். நம் அன்னையைப் போல ஒலிக்கிறதென்று உடனே உறவு கொண்டாடப் புறப்படும் நண்பர்களைக் கைகூப்பி வேண்டுகிறேன்: பொறுங்கள்.)

ஆனால் ஒறுப்பு என்னும் கருத்தைக் குறிக்கும் சொல்லை மட்டும் அவர்களால் மாற்ற இயலவில்லை. அது இன்றும் 'செசா' என்னும் அரபுச் சொல்லே. குற்றத்திற்குச் 'சுச்' என்று சொந்தச் சொல் உண்டு, ஒறுப்புக்கு இல்லை. சிறைச்சாலையை மாற்றியபோதும் பாதிதான் மாறிற்று: 'அபிசானெ' போய், 'செசாஎவி', அஃதாவது ஒறுப்பு வீடு, வந்தது, வீடு துருக்கியம், ஒறுப்பு அரபு. 2005ஆம் ஆண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அவர்தம் புதிய ஒறுப்புச் சட்டத்தின் பெயரிலும் 'செசா' அப்படியே இருக்கிறது. அவ்வளவு முனைந்த மக்களுக்கும் அந்தச் சொல் அசையவில்லை.

ஆங்கிலத்தின் கதையோ இன்னும் சுவையானது. ஆங்கிலம் முறைமன்றத்துக்கென்றே பிறந்த மொழி என்று நம்மூர்ப் படிப்பாளிகள் எண்ணுகிறார்கள். பனிசுமெண்டு, பெனால்டி, பிரிசன், செயில், பைன், சட்சு, கோர்ட்டு, கிரைம் அத்தனையும் பிரெஞ்சு வழியாகவும் இலத்தீன் வழியாகவும் ஆங்கிலத்தில் குடியேறியவை. 1066இல் நார்மானியர் வென்றபின் வந்த கடன். செயில் என்பதன் இலத்தீன் மூலத்திற்குச் சிறு கூண்டு என்று பொருள். ஆங்கிலேயனின் சொந்தப் பழஞ்சொல் பழம்பொத்தகங்களில் மட்டும் கிடக்கிறது. திருட்டு, கொலை, தூக்கிலிடல் ஆகியவற்றின் பெயர்கள்தாம் அவனுடையவை. குற்றம் செய்யத் தன் சொல், ஒறுக்கப்பட அயற்சொல்!

அந்த ஆங்கிலேயனும் ஒருநாள் நம் மேலூர் முதியவரைப் போல் விழித்தவனே. மன்றத்தில் நடக்கும் பிரெஞ்சுப் பேச்சு மக்களுக்கு விளங்கவில்லை என்பதையே கரணியமாகக் காட்டி, 1362ஆம் ஆண்டில் மூன்றாம் எட்டுவேர்டு காலத்தில் வழக்காடல் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அப்போதும் மன்ற ஏடுகள் இலத்தீனிலேயே இருந்தன. அவையும் ஆங்கிலமாவதற்கு 1730ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. 1733இல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ முந்நூற்றெழுபது ஆண்டு! 'ஆங்கிலத்தில் சட்ட நுட்பத்தைச் சொல்ல இயலாது' என்று அன்று இலத்தீனார் சொன்னதையே, இன்று ஆங்கிலத்தார் தமிழைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

நம் நிலைக்கு வருவோம். துருக்கியர் தேடிக் கிடைக்காத சொல் நம்மிடம் இரண்டாயிரமாண்டாகக் கிடக்கிறது. ஒறுத்தல் என்பது திருக்குறளில் அரசன் கடமையாகவே பயிலுகிறது. தண்டம் என்ற சொல்லும் அந்நூலில் உண்டு. அது தண்டு என்னும் தமிழடியில் கிளைத்தது என்பது நம்மவர் கொள்கை. வடசொல் என்பார் பிறர். இதுபற்றிக் கூட்டங்களில் நாம் மணிக்கணக்கில் மோதிக்கொள்கிறோம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சினப்பவர் சினக்கலாம். தண்டனை என்ற சொல் மேலூர் முதியவர்க்கு விளங்குகிறது. ஒறுப்பு என்றால் சிறிது விழிப்பார். இருமுறை கேட்டால் பழகுவார். நாம் இவ்விரண்டில் எது தூயது என்று பொருதுகொண்டிருக்கும்போது, தாளில் ஏறியிருப்பது இரண்டுமில்லை, ஆங்கிலம்.

சிறையைப் பாருங்கள், தூய தமிழ். மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் ஒரு காதையே உண்டு. செயிலை நாம் ஏன் சொல்லவேண்டும்? கடுங்காவல், வெறுங்காவல் என்ற இணையைச் செய்தித்தாள்கள் நெடுங்காலமாக ஆள்கின்றன. எந்தக் குழுவும் கூடிப் பெரும்பொருள் செலவழித்து ஆக்கியதுபோல் தோன்றவில்லை, வாயில் தானே அமர்கிறது. சாமீனுக்குப் பிணை, வாரண்டுக்குப் பிடியாணை, சம்மனுக்கு அழைப்பாணை, வக்கீலுக்கு வழக்கறிஞர் என்பவை நிலைத்துவிட்டன. கைதிக்குச் சிறையாளி என்பது இன்னும் மேடையிலிருந்து தெருவுக்கு இறங்கவில்லை.

அபராதம் என்ற சொல்லில் ஒரு வேடிக்கை. வடமொழியில் அதற்குக் குற்றம் என்பதே பொருள். நம்மிடம் வந்து, குற்றத்திற்குக் கட்டும் பணமாகிவிட்டது! இதற்கு நம் கல்வெட்டுகளில் தண்டம் என்றும் மன்றுபாடு என்றும் பெயருண்டு. சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர் அறிவர்: வேட்டையில் குறிதவறி அம்புபட்டு ஒருவன் இறந்துபட்டால், எய்தவன் உயிர்க்கு உயிர் கொடுக்கவில்லை, இறந்தவன் பெயரால் கோயிலில் நந்தா விளக்கெரிக்க 96 ஆடு விடும்படி ஊரார் தீர்த்தனர். அவ்வொறுப்பு எய்தவனுக்கு விளங்கியது. இறந்தவன் வீட்டாருக்கும் விளங்கியது. கல்லில் தமிழில் வெட்டியதால் வழிப்போக்கனுக்கும் விளங்கியது. எல்லா ஒறுப்பும் அக்காலத்தில் அவ்வளவு மென்மையாக இருந்ததென்று நான் சொல்லவரவில்லை. கழுமரமும் தமிழ்ச்சொல்லே.

இவ்வளவு இருந்தும் நம் தலையில் மூன்றாவது படிவு ஒன்று ஏறியுள்ளது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று 1860ஆம் ஆண்டின் ஒறுப்புச் சட்டம் போய், 'பாரதீய நியாய சன்கிதா' வந்தது. 511 பிரிவு 358 ஆயிற்று. நானூற்றிருபது என்று நம் மக்கள் ஏமாற்றுக்காரனுக்கு இட்ட பெயர்கூடப் பொருளற்றுப் போயிற்று. ஏமாற்று இப்போது 318ஆம் பிரிவு. நடுவணரசுச் சட்டங்களுக்கு உரிய மூலம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 348ஆம் உறுப்பு. ஆகவே உள்ளே ஆங்கிலம். மேலே மட்டும் வடமொழிப் பெயர், அதுவும் ஆங்கில எழுத்தில். அப்பெயரைப் பிழையின்றி எழுத வேண்டின் தமிழெழுத்துப் போதாது, வடவெழுத்துக் கடன் வாங்கவேண்டும். ஆங்கிலேயன் அடிமைச் சின்னத்தை அகற்றினோம் என்று தில்லியில் சொன்னார்கள். மேலூரில் எது அகன்றது?

அதே 348ஆம் உறுப்பு, மாநில ஆட்சிமொழியை உயர்முறைமன்றத்தில் வழங்கவும் வழிவைத்திருக்கிறது; குடியரசுத் தலைவர் இசைவு வேண்டும். இராசத்தானம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கும் அவ்வழியே இந்தியைப் பெற்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழுக்கு அதையே கேட்டது. கிடைக்கவில்லை. அது தில்லியின் குற்றம். ஆனால் கீழ்மன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுதத் தடையில்லை. எழுதும் நல்ல நடுவர்களும் உளர். எழுதாதவரிடம் யார் போய்க் கேட்டோம்? நம் இதழ்களில் தில்லியை வைவதற்குச் செலவிட்ட மையில் பத்திலொரு பங்கை உள்ளூர் மன்றத்துக்கு மடல் எழுதச் செலவிட்டோமா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

துருக்கியரிடம் கற்கவேண்டியது ஒன்று, அஞ்சவேண்டியது ஒன்று. கற்கவேண்டியது, சொல்லை அலுவலகத்தில் நுழைத்தது. அஞ்சவேண்டியது, அவர்கள் ஓடிய ஓட்டம். 1927இல் கெமால் ஆற்றிய பெரும்பேச்சு, பிற்காலத்துப் பேரப்பிள்ளைகளுக்கு விளங்காமல் இக்காலத் துருக்கிய மொழிக்கு மாற்றிப் பதிப்பிக்கப்பட்டது. 1945இல் அடிப்படைச் சட்டத்தையே தூய துருக்கியத்தில் பெயர்த்தார்கள். 1952இல் பழைய சொல்வடிவத்துக்கே திரும்பினார்கள். நம்மிடையேயும் சிலர் நாளுக்கொரு சொல் வார்த்து, அடுத்த கிழமை அதைத் தாமே மறந்துவிடுகின்றனர். முதியவர் காதுக்கு எட்டாத சொல், எவ்வளவு தூயதாயினும், அவர்க்கு இன்னோர் அயன்மொழியே.

முதியவர் கதையை முடிக்கவில்லை. ஒறுக்கப்பட்டவன் தீர்ப்பின் பெயர்ப்பைத் தன் மொழியிலோ மன்றத்தின் மொழியிலோ கேட்டுப் பெறலாம் என்று 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் இருந்தது; அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. இதை அறிந்தவர் சிலர். கேட்பவர் அதனினும் சிலர். அரைத்தாளில் வேண்டுகை எழுதிக் கொடுத்தேன். மகன் சிறையிலிருந்து கையெழுத்திட்டு அனுப்பினான். சில திங்கள் கழித்து முதியவர் மீண்டும் வந்தார், மலர்ந்த முகத்தோடு, கையில் தமிழ்ப்படி. பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாளாம், வீட்டில் அவளே முழுதும் உரக்கப் படித்துக் காட்டினாளாம்.

"எல்லாம் வெளங்கிச்சுங்கய்யா. ஒரே ஒரு எடந்தான். தண்டனைகளை 'ஏககாலத்தில்' அனுபவிக்கணும்னு போட்டிருக்கு. ஏககாலம்னா எத்தனை வருசங்கய்யா?"