கமராவைத் திறக்கச் சொல்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்கட்டும்!

அண்மையில் ஓர் ஊடக நிறுவனத்தின் இணையவழிக் கூட்டத்துக்கு ஆலோசகர் என்ற பெயரில் என்னையும் அழைத்திருந்தார்கள். இரவு 8 மணிக்கு ஆரம்பம் என்றது அழைப்பு. எட்டு மணிக்கு முன்னரே இருபது பேர் வரையில் வந்து காத்திருந்தனர். தலைமை தாங்க வேண்டியவர் 8.25க்கு வந்தார். தாமதத்துக்கு ஒரு சொல் வருத்தம் இல்லை. வந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி: "ஏன் சிலர் கமராவைத் திறக்கவில்லை?"

திறக்காதவர்களில் ஒருவர் வன்னியிலிருந்து கைத்தொலைபேசி மூலம் இணைந்திருந்த இளம் பெண் நிருபர். ஒரே அறை கொண்ட வீடு, பின்னால் தகப்பனார் நோயுற்றுப் படுத்திருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "தொழிலென்று வந்தால் ஒரு ஒழுங்கு வேணும், தங்கச்சி" என்றார் தலைவர். அந்தப் பிள்ளை கமராவைத் திறந்தது. பாயில் படுத்திருந்த முதியவர் போர்வையை இழுத்துத் தமது முகத்தை மூடிக்கொண்டதை நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த மௌனத்துக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது அலுவலகங்கள் ஒரே வாரத்தில் வீடுகளுக்குள் புகுந்தன. வேறு வழியும் இருக்கவில்லை. பெருந்தொற்று போய்விட்டது; ஸூம் போகவில்லை. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு நிறுவனமும் 'இணையவழிக் கூட்ட ஒழுக்கம்' என்று ஒரு சுற்றுநிருபம் வைத்திருக்கின்றது. சட்டை அணிந்து வாருங்கள், ஒலிவாங்கியை மூடி வையுங்கள், சாப்பிடாதீர்கள், பிள்ளைகளை அருகில் வரவிடாதீர்கள்... எல்லாம் சரி. ஆனால் இவை யாருக்கு எழுதப்படுகின்றன? மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் கீழ்நிலை ஊழியருக்கு. கூட்டத்தைக் கூட்டுபவருக்கான ஒழுக்கம் அந்தத் தாளில் எங்கே இருக்கின்றது? நான் கண்ட சுற்றுநிருபம் எதிலும் அப்படி ஒரு வரி இல்லை.

மேலிடத்தில் இருப்பவர்கள் தவறே செய்யாதவர்களா? 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநில செனட்டர் அன்ட்ரூ பிரெனர், அரச கூட்டமொன்றில் வாகனம் ஓட்டியபடியே கலந்துகொண்டார். வீட்டு அலுவலகத்தில் இருப்பதுபோல ஒரு பொய்ப் பின்னணியைப் போட்டிருந்தார். மார்பின் குறுக்கே கிடந்த ஆசனப் பட்டி அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கவனம் சிதறி வாகனம் ஓட்டுவதைத் தடுக்கும் சட்டமூலம் அந்த மாநிலத்தில் முன்வைக்கப்பட்டதும் அதே நாளில்தான்!

இது சிரிப்புக்குரியது. மற்றொன்று சிரிப்புக்குரியதல்ல. 2021 டிசம்பர் 1ஆம் திகதி, பெற்றர் டொட் கொம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தலைவர் விஷால் கார்க், சுமார் 900 ஊழியர்களை ஒரு ஸூம் அழைப்புக்கு வரவழைத்தார். இந்த அழைப்பில் இருப்பவர்கள் அனைவரும் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்கள் என்று அறிவித்தார். மூன்று நிமிடங்களில் முடிந்தது அலுவல். அவர் ஒழுங்காக உடுத்தியிருந்தார், கமரா திறந்திருந்தது, ஒலி தெளிவாக இருந்தது. சுற்றுநிருபங்களின்படி குற்றம் காண ஏதுமில்லை. ஆயினும் இதைவிடப் பெரிய அநாகரிகம் எது?

நல்ல தலைமை எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அதே 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்ற விசாரணை ஒன்றில் சட்டத்தரணி ஒருவரின் முகம் திரையில் பூனைக்குட்டியாகத் தெரிந்தது. "நான் பூனையல்ல" என்று அவர் தவித்த காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. நீதிபதி ரோய் ஃபெர்குசன் சிரிக்கவுமில்லை, சீறவுமில்லை. அந்த வடிகட்டியை எங்கே நிறுத்துவது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு விசாரணை தொடர்ந்தது. எதிரே இருப்பவர் தடுமாறும்போது அவரைத் தலைகுனிய விடாமற் காப்பதே தலைமை ஆசனத்தின் முதற் கடமை.

"கமரா மூடியிருந்தால் கவனிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் வேலை நடந்திருக்கிறதா என்பதை வேலையைப் பார்த்து அறிய வேண்டும், முகத்தைப் பார்த்து அல்ல. எமது காலத்தில் பிரதேச நிருபர்கள் தொலைபேசியில் செய்தி சொல்வார்கள். நாங்கள் காதில் ஒலிவாங்கியை இடுக்கிக்கொண்டு எழுதுவோம். ஆண்டுக்கணக்கில் குரலை மட்டுமே அறிந்த நிருபர்கள் இருந்தார்கள். அதனால் எந்தச் செய்தியும் பிழைத்துப் போகவில்லை. ஆசிரியபீடக் கூட்டம் காலையில் இருபது நிமிடம். செய்தி ஆசிரியர் தாமதித்தால் பக்கம் தாமதிக்கும், பக்கம் தாமதித்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பொதி பிந்தும். எனவே ஒருவரும் தாமதிக்கவில்லை. இன்றைய தலைவர்கள் சிலர் நேரத்துக்கு முடிப்பது, இலவச ஸூம் கணக்கு 40 நிமிடத்தில் தானாகவே அறுந்துவிடும் நாட்களில் மட்டுமே!

திரையில் இடைவிடாமல் தன் முகத்தையே பார்ப்பது, பல கண்கள் மிக அருகில் உற்றுப் பார்ப்பது, அசையாமல் ஒரே இடத்தில் இருப்பது, சைகைகளைச் சிரமப்பட்டுப் புரிந்துகொள்வது ஆகிய நான்குமே இந்தக் களைப்புக்குக் காரணங்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெயிலென்சன் 2021இல் எழுதினார். ஆகவே கமராவை மூட விரும்புபவர் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர்.

அடுத்தது நேரம். இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கான சட்டம் 1954இல் வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. இரவு எட்டு மணிக் கூட்டம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? பிரான்சில் வேலைநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ஊரிலுள்ளவர்களை வைத்து நிறுவனம் நடத்தும் எமது அன்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் ரொறன்ரோவில் பகல் 12 மணி என்றால் கொழும்பில் இரவு 9.30. உங்கள் மதிய இடைவேளை ஒருவரின் உறக்க நேரம்.

ஊழியர் பக்கத்திலும் பிழை உண்டு, மறுக்கவில்லை. ஒலிவாங்கியைத் திறந்துவிட்டு வீட்டுச் சண்டையைக் கேட்கச் செய்வோரும், பெயரைக் கூப்பிட்டால் பத்து நிமிடத்துக்குப் பின் "இணைப்புச் சரியில்லை" என்போரும் இருக்கத்தான் செய்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்த நாட்டில், அந்தச் சாட்டு உண்மையாக இருந்த நாட்களும் பல. பொய்யாகச் சொல்வோர் உண்மையாகத் தவிப்போருக்கே துரோகம் செய்கிறார்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாளே நிகழ்ச்சிநிரலை அனுப்புங்கள். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடியுங்கள். இரண்டு வரி மின்னஞ்சலில் தீரும் விடயத்துக்குக் கூட்டம் வையாதீர்கள். கமராவைத் திறப்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். பதிவு செய்வதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் தனியே அழைத்துக் கண்டியுங்கள். பிந்தி வந்தால் மன்னிப்புக் கேளுங்கள், தலைவராக இருந்தாலும்.

மறுநாள் அந்த நிருபருக்குத் தொலைபேசி எடுத்து, நான் பேசாதிருந்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சேர்" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சொன்னார்: "ராத்திரி டேட்டா முடிஞ்சு போச்சு. அதுதான் நியூஸ் அனுப்பப் பிந்திட்டுது."

செய்தி அனுப்ப வைத்திருந்ததை முகம் காட்டச் செலவழிக்க வைத்திருக்கிறோம். இதற்குப் பெயர் தொழில் ஒழுங்காம்!