நாவல் எழுதப் போகிறவர்களுக்கு



நாவல் எழுதப் போவதாகச் சொல்லும் இளைஞர்களை நாம் அவ்வப்போது சந்திக்கிறோம். கேட்டால் மூன்று கதைகளின் சுருக்கத்தைத் தடையின்றிச் சொல்வார்கள். தலைப்பும் ஆயத்தமாய் இருக்கும். சிலர் அட்டைப் படத்தைக்கூடத் தீர்மானித்துவிட்டனர். எழுதிய பக்கங்கள் எத்தனை என்று வினவும்போதுதான் பேச்சு தடைப்படுகிறது. பெற்றோரோ, "இதெல்லாம் சோறு போடுமா சாமி?" என்று நம்மை நோக்குகின்றனர். இத்தகைய இல்லங்களை மனத்திற்கொண்டு, ஒரே ஒரு நாவலை எழுதி முடிக்கக் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் பட்ட பாட்டை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

அவர் பெயர் பிளானரி ஓ'கானர். 1925ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், மங்களவார்த்தைத் திருநாளன்று, அமெரிக்க நாட்டு ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னா நகரில் பிறந்தார். பிரிந்த சபையினரே பெருந்தொகையினராய் இருந்த அப்பகுதியில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. 15 வயதில் தந்தையை இழந்தார். தந்தையைக் கொண்டுபோன நோயின் பெயரை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்: லூப்பஸ். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் கொடிய நோய் அது.

1945இல் பட்டம் பெற்று, இதழியல் பயிலும் எண்ணத்தோடு அயோவா சென்றவர், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பயிற்சி வகுப்பிற்கு மாறிக்கொண்டார். வகுப்பை நடத்திய கவிஞர் பால் எங்கிளுக்கு அவருடைய ஜார்ஜியாப் பேச்சு முதலில் விளங்கவேயில்லை. சொல்ல வந்ததைத் தாளில் எழுதிக் காட்டுமாறு கேட்கவேண்டியதாயிற்று!

அந்நாட்களில், 1946 ஜனவரி முதல் 1947 செப்டம்பர் வரை, குறிப்பேடு ஒன்றில் அவர் தம் செபங்களை எழுதிவந்தார். அக்குறிப்பேடு 2013இல்தான் நூலாக வெளிவந்தது. தாம் நல்ல எழுத்தாளராக வேண்டும், தம் கதைகள் அச்சேற வேண்டும் என்று ஒளிவுமறைவின்றி இறைவனிடம் கேட்கிறார். இரண்டாந்தர எழுத்தாளராகவே நின்றுவிடுவோமோ என அஞ்சுகிறார். அதே வேளையில், இவ்வாசையே தமக்கும் இறைவனுக்கும் இடையே நின்று மறைக்கிறதோ என்றும் கலங்குகிறார். நல்ல கதையொன்று அமைந்தால், தட்டச்சுப் பொறி தமக்குக் கருவியானதுபோல் தாம் இறைவனுக்குக் கருவி, அவ்வளவே என்கிறார். கடைசிப் பதிவில் பிஸ்கத்துகளை அளவின்றித் தின்றுவிட்டதையும் ஒப்புக்கொள்கிறார். செபத்திற்கென்று வேறொரு முகத்தை அணிந்துகொள்ளாத இப்பண்பே அந்நூலில் நம்மை மிகவும் கவர்ந்தது.

முதல் நாவலை அங்கேயே தொடங்கினார். முதல் நாவலுக்கென ரைன்ஹார்ட் பதிப்பகத்தார் வழங்கிய 750 டாலர் பரிசு 1947இல் அவருக்குக் கிடைத்தது; நாவலை வெளியிடும் முன்னுரிமை அவர்களுக்கு. 1949 தொடக்கத்தில் ஒன்பது அத்தியாயங்கள் அவர்கள் பார்வைக்குச் சென்றன. பதிப்பாசிரியருக்கு அவை பிடிக்கவில்லை. வழக்கமான பாதைக்குக் கதையைத் திருப்ப அவர் விரும்பினார். ஓ'கானருக்கு அப்போது வயது 23. வெளிவந்த நூல் என்று ஒன்றுமில்லை, கையில் பணமுமில்லை. எனினும், குறைகளைக் கேட்கத் தாம் ஆயத்தம், ஆனால் தாம் எழுத முயலும் நாவலின் எல்லைக்குள் நின்றே அவற்றைச் சுட்டவேண்டும் என்று பதில் எழுதிவிட்டார். இளம்பெண்ணுக்கு இத்தனை பிடிவாதமா என்று அவர்கள் எண்ணியிருப்பர். முடிவில் அப்பதிப்பகத்தை விட்டே விலகினார்.

இதில் நாம் உற்றுநோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. முழுக்கதையின் வரைவு அவரிடம் இருக்கவில்லை. தாம் செய்வது இன்னது என்பதை எழுதி எழுதியே கண்டறிய வேண்டியிருக்கிறது என்று தம் நூல் முகவருக்கு அவரே தெரிவித்திருந்தார். கதைச் சுருக்கத்தை முதலில் முழுமையாக்கிவிட்டுப் பின்பு எழுத உட்காரலாம் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் இளைஞர்கள் இதைச் சிந்திப்பார்களாக. சுருக்கம் சொல்வது இனிமையான பொழுதுபோக்கு. அதில் யாரும் தோற்பதில்லை.

1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் ராபர்ட் பிட்ஸ்ஜெரால்டு, சாலி என்னும் கத்தோலிக்கத் தம்பதியர் இல்லத்தில் கட்டணம் செலுத்தித் தங்கினார். காலையில் திருப்பலி, பின்பு நண்பகல் வரை எழுத்து. நாவலின் நாயகன் ஹேசல் மோட்ஸ், கிறிஸ்து இல்லாத ஒரு திருச்சபையைப் போதிக்கப் புறப்பட்ட இளைஞன். ஓட ஓட ஆண்டவர் அவனை விடுவதாயில்லை. இவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? வழி அடைத்துக்கொண்டது. வீட்டுக்குடையவரோ கிரேக்க நூல்களை மொழிபெயர்த்தவர். அங்கே சோபகிளீசின் 'ஈடிப்பஸ் மன்னன்' நாடகத்தை ஓ'கானர் வாசித்தார். தன் கண்களைத் தானே குருடாக்கிக்கொண்ட அம்மன்னனிடம் அவருக்கு விடை கிடைத்தது. முடிவு கிடைத்ததும், அதற்கு இசையுமாறு முன்பகுதிகளைத் திரும்ப எழுதத் தொடங்கினார்.

1950 டிசம்பரில், தட்டச்சுப் பொறியின்மேல் கைகளைத் தூக்கமுடியாதபடி அவை கனத்தன. கிறிஸ்துமசுக்காக வீடு திரும்பும் இரயிலிலேயே நோய் முற்றியது. வயது 25. தந்தையின் நோயே அது என்று மருத்துவர் தாயாரிடம் கூறினார். மகள் தாங்கமாட்டாள் என்றெண்ணி மூட்டுவாதம் என்றே அவளை நம்பவைத்தார் தாயார். 1952 கோடையில் தோழி சாலிதான் உண்மையைச் சொன்னார். அதற்குள் நாவல் நோய்ப் படுக்கையிலேயே திருத்தப்பெற்று, நாவலாசிரியை கரோலின் கோர்டன் சுட்டிய குறைகளுக்கேற்ப மறுபடியும் திருத்தப்பெற்று, 1952 மே மாதம் 'வைஸ் பிளட்' என்னும் பெயரில் வெளிவந்துவிட்டது. பதிப்பாசிரியருக்கு இணங்க மறுத்தவர் கோர்டனுக்கு ஏன் இணங்கினார்? முன்னவர் கேட்டது வேறொரு நாவல். பின்னவர் கேட்டது இதே நாவலைச் செம்மையாக. இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாரிடமும் முறுக்கிக்கொள்வதும், எல்லாருக்கும் தலையாட்டுவதும் எழுத்தைக் கெடுப்பனவே.

எஞ்சிய நாட்களை மில்லெட்ஜ்வில் ஊரருகே, தாயார் நிர்வகித்த பால்பண்ணையில் கழித்தார். மாடியேற இயலாததால் கீழ் அறையொன்றே படுக்கையறையும் எழுதும் அறையும். சன்னலைப் பார்த்து உட்காரவில்லை. அலமாரியின் வெற்று முதுகை நோக்கியே மேசை. நாள்தோறும் காலையில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம். அதற்குமேல் உடல் இடங்கொடாது. ஒன்றும் தோன்றாத நாளிலும் உட்கார்ந்தேயிருப்பார். ஏதேனும் வந்தால் வரவேற்கத் தாம் அங்கே இருக்கவேண்டும் அல்லவா? பிற்பகலில் ஊன்றுகோல்களின் உதவியால் நடந்து, தாம் வளர்த்த மயில்களைப் பார்த்துவருவார். தாயாருக்கு மகளின் கதைகள் அத்துணை பிடித்தவையல்ல. யாரும் விரும்பும் இனிய கதைகளை எழுதலாகாதா என்பது அவர் ஏக்கம். ஆயினும் அக்காலை வேளை காக்கப்பட்டது. கதைகளைப் பாராட்டத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். காலைப் பொழுதில் மகளைக் கடைக்கு அனுப்பாதிருந்தாலே போதும்.

இரண்டாம் நாவல் 1960இல் வந்தது; அதற்கு ஏழாண்டு உழைப்பு. 1964இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய் மீண்டும் தலைதூக்கியது. மருத்துவமனையில் எழுதிய தாள்களைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தாராம். 1946இல் அச்சேறிய தம் முதற்கதையாகிய 'ஜெரேனியம்' என்பதையே, அக்கடைசி மாதங்களில் 'தீர்ப்பு நாள்' என்று முற்றிலும் புதிதாக எழுதினார். ஆகஸ்டு 3ஆம் நாள், 39 வயதில், காலமானார். மூன்றாம் நாவல் முடியவில்லை. எஞ்சிய துண்டுகள் 2024இல்தான் நூலுருப் பெற்றன.

அவரைப் புனிதராக்க நாம் எழுதவில்லை. அவருடைய கடிதங்களில் கறுப்பின மக்களை இழிவாகப் பேசும் வரிகள் உள்ளன. அதன் காரணமாக மேரிலாந்தில் உள்ள இயேசு சபையாரின் லயோலா பல்கலைக்கழகம் 2020இல் மாணவர் விடுதியொன்றிலிருந்து அவர் பெயரை நீக்கியது. அதை மறைப்பது நேர்மையாகாது. அவர் கதைகளில் கொலையும் கொடூரமும் மிகுதி. சிறுவர் கையில் கொடுக்கத்தக்கவையல்ல. ஆங்கிலம் நன்கு அறிந்த பெரியோர், 1955இல் வந்த சிறுகதைத் தொகுதியில் தொடங்குவது நலம். நாவல் எழுத முனைவோர் செபக் குறிப்பேட்டை முதலில் எடுக்கலாம். ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய சிறிய நூல்தான்.