துரை இறந்த ஊர்

ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். லிஸ்பனை நடந்தே பார்த்துவிடலாம் என்று முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். என் முழங்காலைக் கேட்டால் எழுபது என்று சொல்லும்.

ஈப்போவில் வளர்ந்தவர்களுக்குக் குன்று புதிதில்லை. ஆனால் நம் சுண்ணாம்புக் குன்றுகள் ஊரைச் சுற்றி நிற்கும். பழைய நகரின் தெருக்கள் சமதரை. லிஸ்பனில் தெருவே குன்றின் முதுகில் ஏறுகிறது. நடைபாதை முழுக்கக் கையளவு வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள், இடையிடையே கறுப்புக் கல்லில் கோலம். அழகுதான், ஆனால் தூறல் விழுந்தால் வழுக்கும். அல்ஃபாமா பகுதியில் படி இறங்கும்போது இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பிடிமானமுள்ள சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். சப்பாத்து என்ற சொல்லே இவர்களிடமிருந்து நமக்கு வந்ததுதான். ஜன்னலும் சாவியும்கூட.

இந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பத்துகாஜா பக்கம் முடிக்கப்படாமல் நிற்கும் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 20 வயதில் மலாயா வந்தவர். கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தின் துரை. 1926இல் அவர் நிமோனியாவில் இறந்தது லிஸ்பனில். மாளிகைக் கோபுரத்துக்கு லிஃப்ட் வாங்கப் போன இடத்தில் இறந்தார் என்பது எங்கள் பக்கத்துக் கதை.

கீழ்நகரில் சாந்தா ஜுஸ்தா லிஃப்ட் நிற்கிறது. 1902இல் திறந்தது, 45 மீட்டர் உயர இரும்புக் கோபுரம். துரையும் இதை அண்ணாந்து பார்த்திருப்பாரோ? வரிசை தெருமுனை வரை வளைந்திருந்ததால் நான் காலை நம்பினேன். சியாடோ ஏறி, மறுபக்கம் சரிவில் இறங்கி, நாடாளுமன்றத்தைத் தாண்டி, மறுபடி எஸ்த்ரெலா மேட்டில் ஏற்றம். 28ஆம் எண் டிராம் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனது.

மேட்டின் மேல் பூங்கா. அதையொட்டிப் பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டம். ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் 1754இல் அடக்கமானது இங்கேதான். துரையும் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன்.

என் பாட்டியின் தாத்தா துரையின் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாளிகை எழும்பிக்கொண்டிருந்த நாளில் ஸ்பானியக் காய்ச்சல் வந்து தோட்டத்து ஆட்கள் பலர் மாண்டார்கள். அவரும் போனார். எங்கே புதைத்தார்கள் என்று காட்ட எங்கள் வீட்டில் ஆள் இல்லை. லயம் இருந்த இடம் என்று பாட்டி காட்டும் பக்கமெல்லாம் இப்போது செம்பனை. ஆட்கள் கேட்டுக்கொண்டதற்காக துரை பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் கோயில் கூரையில் சாமிகளோடு சாமியாக அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். செத்தவனுக்கு ஒரு கல் இல்லை, துரைக்குச் சிலையா? பாட்டியோ அந்தச் சிலைக்கும் சேர்த்துத்தான் கும்பிடு போடுவார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. பார்வை நேரம் முடிந்து கேட் பூட்டியிருந்தது. சுவருக்கு மேலே சைப்ரஸ் மரங்கள் மட்டும் தெரிந்தன. பாட்டிக்குப் போன் போட்டேன். அங்கே இரவு பத்தரை, தூங்கவில்லை.

"தொரையப் பாத்தியாப்பா?"

"கேட் பூட்டியிருக்கு பாட்டி."

"சரி, ஒரு பூ வாங்கி வாசல்லயே வச்சிட்டு வா."

"தொரைக்கா?"

"அவருக்கு ஒண்ணு. எங்க தாத்தாவுக்கு ஒண்ணு. எங்க வைக்கிறதுன்னுதான் நமக்குத் தெரியலையே, அங்கயே வை."

பூக்கடை தேடி மறுபடி சரிவில் இறங்கினேன். அடுத்த விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.