பத்தொன்பது வயதில் வாங்கிய மதிப்பெண்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் என்றால் ஏறத்தாழ 120 கிரெடிட். ஒருவர் அதை 2.6 ஜிபிஏவோடு (மதிப்பெண் சராசரி) முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், உச்சம் 4.0. ஏதோ ஒரு வேலையில் சில ஆண்டுகள் ஓடுகின்றன. பிறகு நர்ஸாக வேண்டும் என்று தோன்றுகிறது. பல நர்ஸிங் கல்லூரிகள் 3.0-க்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்ப்பதில்லை. சரியென்று அவர் மறுபடி வகுப்புக்குப் போகிறார். எடுத்த பாடம் ஒவ்வொன்றிலும் ‘ஏ’. முழுதாக ஓராண்டு, 30 கிரெடிட் அப்படி முடித்த பிறகு அவருடைய மொத்த ஜிபிஏ 2.88. மூன்றைத் தொட 48 கிரெடிட் வேண்டும், அதுவும் ஒரு ‘பி’கூட வராமல்.

மொத்தச் சராசரியின் இயல்பு அது. பழைய கடன் பெரிதாக இருந்தால், புதிதாகக் கட்டும் பணம் அதில் எங்கே போனது என்றே தெரியாது.

இப்படிச் சிக்கிக்கொள்பவர்கள் படிப்பு வராதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு பருவத் தேர்வு எழுதியவர்கள், மதிப்பெண்ணை எளிதில் தராத பொறியியல் படித்தவர்கள் என்று பல வகை. அமெரிக்கத் தமிழ் வீடுகளுக்கும் இது பழக்கமான கதைதான். பிள்ளை டாக்டராக வேண்டும் என்று ‘ப்ரீ-மெட்’ பாதையில் ஏற்றிவிடுவார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் அது சறுக்கும். சறுக்கியதை வீட்டில் சொல்ல இரண்டு பருவம் ஆகும். நர்ஸிங் என்ற சொல் அந்த வீட்டில் முதன்முறை ஒலிக்கும்போது ஜிபிஏ ஏற்கெனவே விழுந்து கிடக்கும்.

கல்லூரிகள் ஏன் இந்த எண்ணைப் பிடித்துத் தொங்குகின்றன? இடம் இல்லை என்பதுதான் முதல் காரணம். தகுதி இருந்தும் நர்ஸிங் கல்லூரிகள் ஏற்காத விண்ணப்பங்கள் 2023-இல் மட்டும் 65,766 என்று அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் சங்கம் கணக்குச் சொன்னது. ஒரே ஆள் நாலைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பதால் இத்தனை பேர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மருத்துவமனைகள் நர்ஸ் இல்லை என்று அலறும் நாட்டில் இது விசித்திரமான எண். கற்பிக்க ஆள் இல்லை: 2022-இல் நர்ஸிங் ஆசிரியர் பணியிடங்களில் 8.8 சதவீதம் காலியாகக் கிடந்தன. நர்ஸிங் கற்பிக்கக் குறைந்தது முதுநிலைப் பட்டமாவது கேட்பார்கள். அதே முதுநிலையோடு ‘நர்ஸ் ப்ராக்டிஷனர்’ ஆனால் சம்பளம் கணிசமாகக் கூடுதல். யார்தான் கரும்பலகைப் பக்கம் வருவார்கள்? வார்டில் பயிற்சி தரும் இடமும் குறைவு. ஓர் ஆசிரியர் ஒரு நேரத்தில் சில மாணவர்களைத்தான் நோயாளியின் அருகே அழைத்துப் போக முடியும்.

இரண்டாவது காரணத்தை வெளியில் அவ்வளவாகப் பேசமாட்டார்கள். படிப்பை முடித்தவர் ‘என்கிளெக்ஸ்’ உரிமத் தேர்வில் தேற வேண்டும். முதல் முயற்சியிலேயே எத்தனை பேர் தேறினார்கள் என்பதை வைத்துக் கல்லூரியையே எடைபோடுகின்றன மாநில நர்ஸிங் வாரியங்கள். பல இடங்களில் 80 சதவீதத்தை ஒட்டியே அளவுகோல். தொடர்ந்து அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை, பிறகு அங்கீகாரத்துக்கே ஆபத்து. அமெரிக்காவில் படித்தவர்களின் முதல் முயற்சித் தேர்ச்சி 2022-இல் நாடு முழுவதும் சேர்ந்தே 80 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அந்த ஆண்டு கல்லூரி முதல்வர்கள் எப்படித் தூங்கினார்களோ! ஆக, ஜிபிஏ வாசலில் நிற்பவரை அளக்கும் கோலாக மட்டும் இருக்கவில்லை. உள்ளே இருப்பவர் தன் தலைக்குப் பிடித்திருக்கும் குடையும் அதுதான்.

அந்தக் குடையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தின் சொட்டு அளவைக் கணக்கிடத் தெரியாதவர் கையில் நோயாளியை ஒப்படைக்க முடியாது. அன்பு அந்தக் கணக்கைப் போட்டுத் தராது. கேள்வி, எந்த மதிப்பெண் எதைச் சொல்கிறது என்பதுதான். கலிஃபோர்னியாவின் ஈராண்டுக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்களில் நர்ஸிங் படிப்பை யார் முடிக்கிறார்கள், யார் பாதியில் விடுகிறார்கள் என்று 2002-இல் ஓர் ஆய்வு பார்த்தது. அது பொறுக்கி எடுத்தவை நான்கு: கல்லூரியின் மொத்த ஜிபிஏ, ஆங்கிலப் பாடத்தின் ஜிபிஏ, உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் ஆகிய அடிப்படை உயிரியல் பாடங்களின் ஜிபிஏ, அந்த உயிரியல் பாடங்களை எத்தனை முறை திரும்ப எடுத்தார் என்ற எண்ணிக்கை. மொத்த ஜிபிஏ அதில் உண்டு; ஆனால் நாலில் ஒன்றாகத்தான் உண்டு. பல கல்லூரிகள் அந்த ஒன்றையே கதவாக நிறுத்திவிடுகின்றன. நுண்ணுயிரியலில் ‘சி’ வாங்கியவரிடம் ஏன் என்று கேட்பது சரி. பத்தொன்பது வயதில் ஐரோப்பிய வரலாற்றில் ‘டி’ வாங்கியதற்கு முப்பது வயதில் வார்டுக்கு வெளியே நிறுத்துவது சரியா?

நாலாவது அளவுகோல்தான் எனக்கு உறுத்துகிறது. தோற்ற பாடத்தைத் திரும்ப எழுதித் தேறியவரை விடாமுயற்சிக்காரர் என்று நாம் மெச்சுவோம். இந்த அளவுகோல் அவருக்குப் புள்ளியைக் குறைக்கிறது. புள்ளிவிவரப்படி அதில் உண்மை இருக்கலாம். ஆனால் முதல் முயற்சிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஆறு மாதம் போயிற்றா, ஒன்பது ஆண்டு போயிற்றா என்று அது கேட்பதில்லை.

இந்தச் சுவரில் வழி இல்லாமல் இல்லை. மொத்தச் சராசரியை ஒதுக்கி, முன்தகுதிப் பாடங்களின் ஜிபிஏவை மட்டும் தனியே பார்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. கடைசி 60 கிரெடிட்டை மட்டும் பார்ப்பவையும் உண்டு. மேலே சொன்ன 2.6-காரர் இங்கே மூன்றைத் தாண்டியவராக நுழைவார். டெக்ஸஸில் ஒரு சட்டமே இருக்கிறது: அந்த மாநிலவாசி அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பத்தாண்டுக்கு முந்தைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்கலாம். அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்தக் காலத்துப் பாடங்களில் ஒன்றைக்கூட, நன்றாக எழுதியதைக்கூட, கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ள முடியாது.

நான் பரிந்துரைப்பது கம்யூனிட்டி காலேஜின் இரண்டாண்டு நர்ஸிங் படிப்பு. செலவு குறைவு; இடம் ஒதுக்குவது புள்ளி முறையிலோ சில இடங்களில் குலுக்கலிலோ நடக்கும். குலுக்கலுக்கு ஜிபிஏவின் தசமப் புள்ளி தெரியாது. முடிவில் எழுதுவது அதே என்கிளெக்ஸ், கையில் வருவது அதே உரிமம். பெரிய மருத்துவமனைகள் நான்காண்டுப் பட்டத்தை விரும்புகின்றன என்பது உண்மை. நியூயார்க் மாநிலம் 2017-இல் சட்டமே போட்டது, உரிமம் பெற்ற பத்தாண்டுக்குள் இளநிலை நர்ஸிங் பட்டத்தை முடிக்க வேண்டும் என்று. ஆனால் அது வேலையில் இருந்துகொண்டே முடிக்கிற படிப்பு.

அவசரக்காரர்களுக்கு வேறொரு கதவு திறந்தே இருக்கிறது. ஜிபிஏ பற்றி அதிகம் கேட்காத, கட்டணத்தை மட்டும் கறாராகக் கேட்கிற லாப நோக்குக் கல்லூரிகள். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவருக்குப் பொதுவாக ‘பெல் கிராண்ட்’ உதவித்தொகை கிடைக்காது என்பதால் இந்தக் கட்டணம் பெரும்பாலும் கடனாகவே ஏறும். சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரியின் என்கிளெக்ஸ் தேர்ச்சி சதவீதத்தைப் பார்க்க வேண்டும். பல மாநில வாரியங்கள் அதைப் பகிரங்கமாகவே வெளியிடுகின்றன. இதையும் தாண்டிய குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்பது 2023 ஜனவரியில் தெரிந்தது. ஃபுளோரிடாவின் மூன்று கல்லூரிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்ஸிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. அவற்றை வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் உரிமத் தேர்வில் தேறியும் இருந்தார்கள். கல்லூரியின் வார்டுப் பயிற்சி இல்லாமலே தேறக்கூடிய ஒரு தேர்வின் தேர்ச்சி விகிதத்துக்குப் பயந்துதான், வார்டில் இரவெல்லாம் உதவியாளராக நின்றவரை 2.88 என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளை யாராவது அமெரிக்காவில் இந்த நிலையில் இருந்தால், இன்னொரு பட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் கல்லூரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பாடங்களை வைத்து ஜிபிஏ போடுகிறீர்கள், திரும்ப எடுத்த பாடத்தில் எந்த மதிப்பெண்ணை எண்ணுகிறீர்கள், அறிவியல் பாடம் எத்தனை ஆண்டு செல்லும் என்ற மூன்றைக் கேட்டால் போதும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.