கையெழுத்து இல்லாத மறுப்பு

போன நவம்பரில் என் அக்கா, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க மூன்று முறை வங்கிக்குப் போனாள். முதல் இரண்டு முறையும் அவளால் நிரூபிக்க முடியவில்லை.

அக்காவுக்கு 79 வயது. மாமா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில்தான் அக்காவின் அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் ஓடுகிறது. ஓய்வூதியம் வாங்கும் எல்லோருக்கும் தெரியும், நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். 2014 முதல் 'ஜீவன் பிரமாண்' என்ற பெயரில் அது கணினிக்கு வந்துவிட்டது. ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து 'ஆம், இவர் அவரேதான்' என்று பதில் வர வேண்டும்.

அக்காவின் விரலுக்குப் பதில் வரவில்லை. அம்மி, ஆட்டுக்கல், துவைக்கும் கல் என்று அறுபது வருஷம் தேய்ந்த விரல் அது. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஈரத்துணியால் துடைத்து வைத்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பையன் மரியாதையானவன்தான். "சிஸ்டம் எடுக்கல சார், நாளைக்கு வாங்க" என்றான்.

"பழைய மாதிரி ஃபாரத்தில் எழுதித் தருகிறேன். இதோ ஆள் உன் எதிரிலேயே நிற்கிறார், பார்த்துவிட்டு நீ கையெழுத்துப் போடலாமே" என்றேன்.

"இப்ப அதெல்லாம் வாங்கறதில்ல சார்."

விதி அப்படி இல்லை. நேரில் வந்து காகிதத்தில் கொடுக்கும் வழி இன்னும் இருக்கிறது. அதைச் சொன்னேன். பையன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, மறுபடியும் அதையே சொன்னான். "சரி, வாங்க மாட்டோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடு" என்றேன். அதற்கு ஃபாரம் இல்லையாம்.

அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நான் நிக்கறது இவங்களுக்குத் தெரியுதா இல்லையா?" என்றாள்.

இதைப் போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது என் பழைய சகா ஒருவரிடம் சொன்னேன். "உனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. எஸ்தோனியாவைப் பார், எல்லாம் வீட்டிலிருந்தே நடக்கிறது. நாம் இருந்த காலத்தில் ஜனங்கள் பட்ட பாடு உனக்கு மறந்துவிட்டதா?" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மறக்கவில்லை. நான் புதுச்சேரி அரசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவன். கோப்பு எப்படித் தூங்கும், எதைக் கொடுத்தால் எழுந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். செத்துப்போனவர் பெயரில் வருஷக்கணக்காகப் பணம் எடுத்த குடும்பங்களும் தெரியும். ஒரு பிறப்புச் சான்றுக்காகக் காரைக்காலிலிருந்து பஸ் ஏறி வந்தவர், 'கிளார்க் லீவு' என்று கேட்டுத் திரும்பிப் போனதையும் பார்த்திருக்கிறேன். இன்று என் பேத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறாள். அது நல்லது. அந்த வசதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

என் சண்டை வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் என் மீதே ஒரு புகார் எழுத வேண்டியிருக்கிறது.

1980களில் நான் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். ஒரு விதவை அம்மாள் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டிருந்தார். கணவரின் சர்வீஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு விதமாகவும், பிறப்புப் பதிவில் வேறு விதமாகவும் இருந்தது. எங்கள் ஊரில் இது அன்றாடக் கதை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் 'லட்சுமி' என்றால் எல், ஏ, டி, சி, எச், ஓ, யு, எம், ஒய் என்று 9 எழுத்து. பிரெஞ்சில் 'ஓ'வும் 'யு'வும் சேர்ந்தால்தான் 'உ'. ஆங்கிலத்தில் எழுதினால் எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ என்று 7 எழுத்து. இரண்டும் ஒரே லட்சுமிதான் என்பது பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்தும், 'பெயர் முரண்பாடு, விளக்கம் தேவை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மனுவைத் திருப்பினேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஏன் என்று கேட்டால் உருப்படியான காரணம் கிடையாது. ஆடிட்டில் கேள்வி வந்துவிடுமோ என்ற பயம், கொஞ்சம் சோம்பல், நாற்காலித் திமிர் கொஞ்சம்.

நாலாவது முறை அந்த அம்மாள் என்னிடம் வரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட மூன்று தாள்களையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு நேராக அதிகாரி அறைக்குப் போய்விட்டார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மூன்று தாளையும் மேசையில் வரிசையாக வைத்து, "இது உங்கள் கையெழுத்தா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் உத்தரவு தயாரானது. இத்தனை வருஷமாகியும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

நான் அந்த அம்மாளுக்குச் செய்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்துக்கு ஒரு பெயர் இருந்தது, தேதி இருந்தது, பதவி இருந்தது. அவர் கையிலே பிடித்துக்கொண்டு போய்க் காட்ட ஒரு தாள் இருந்தது. என் அக்காவின் கையில் என்ன இருக்கிறது? 'சிஸ்டம் எடுக்கல.' அந்த சிஸ்டத்தை எந்த அதிகாரி தன் அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைப்பார்?

இதுதான் என் சண்டை. டிஜிட்டல் அடையாளம் என்று வந்த நாளிலிருந்து, குடிமகனிடம் மட்டும் அடையாளம் கேட்கிறோம். பத்து விரல், இரண்டு கருவிழி, முகம், 12 இலக்க எண் என்று எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் 'முடியாது' என்று சொல்பவர் யார்? அவருக்கு எண் உண்டா, பெயர் உண்டா?

நான் பிறந்தபோது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. என் பிறப்புப் பதிவு மேரியில் பிரெஞ்சு மொழியில்தான் இருக்கிறது. மேரி என்றால் நகராட்சி, எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் அறிவித்தவராக என் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, பதிந்த அதிகாரியின் கையெழுத்தும் இருக்கிறது. குடிமகன் ஒரு பக்கம், அரசு மறுபக்கம், இருவரும் போட்டால்தான் அது ஆவணம். காலனி ஆட்சியைப் புகழ வரவில்லை. அவர்கள் செய்த கொடுமைகளுக்கு வேறு கட்டுரைகள் உண்டு. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாட்டிலேயே பிற்பாடு நடந்ததைக் கேளுங்கள். 1974 மார்ச்சில் 'லெ மோந்த்' பத்திரிகை ஒரு செய்தி போட்டது. ஒவ்வொரு பிரெஞ்சுக் குடிமகனுக்கும் உள்ள எண்ணை வைத்து, அரசின் பல இலாகாக்களில் உள்ள பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைக்க ஒரு திட்டம், பெயர் 'சஃபாரி'. 'பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடுகிறீர்களா?' என்று ஊரே கொதித்தது. திட்டம் நின்றது. 1978 ஜனவரி 6 அன்று கணினிக்கும் தனிமனித உரிமைக்குமாகச் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருஷம், 1979 ஜூலை 11 சட்டப்படி, குடிமகனுக்குப் பாதகமாக முடிவெடுத்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றானது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 12 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நிர்வாக முடிவு ஒவ்வொன்றிலும் அதை எடுத்தவரின் கையெழுத்தும், படிக்கும்படியான எழுத்தில் பெயரும் பதவியும் இருக்க வேண்டும் என்றது. 2022 ஜூன் 3 அன்று அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம், வெளிநாட்டவரின் குடியிருப்பு அனுமதி விஷயத்தில், 'ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லலாம், ஆனால் முடியாதவர்களுக்கு உதவியும், அப்போதும் முடியவில்லை என்றால் மாற்று வழியும் வைத்தாக வேண்டும்' என்று தீர்ப்புச் சொன்னது. அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நான் நம்பவில்லை. சட்டம் என்று ஒன்று இருந்தால் கேட்பதற்காவது ஒரு பிடி கிடைக்கும்.

எஸ்தோனியா என்றாரே நண்பர், அதையும் பார்ப்போம். 2017இல் அந்த நாட்டு அடையாள அட்டையின் சிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் அதில் சிக்கின. மொத்த ஜனத்தொகையே 13 லட்சம் சொச்சம்தான். அரசு அதை ஊரறியச் சொல்லி, அட்டைகளின் மின்சான்றுகளை நிறுத்தி வைத்து, புதுப்பித்துக் கொடுத்தது. தவறு எங்களுடையது என்று ஏற்பதற்கு ஆள் இருந்தார்கள். எஸ்தோனியாவிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் முதலில் அதைக் கற்போம்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை நிராகரித்தால் காரணம் என்ன, எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு, யாரிடம் என்பதை எழுதித் தர வேண்டும், அது 7(8) பிரிவு. தவறினால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் அந்த அதிகாரி மீதே விழும், அது 20ஆம் பிரிவு. இந்தச் சட்டம் வந்த பிறகு அலுவலகத்தில் பேனாக்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக நகர்ந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு தகவலை மறுக்க இத்தனை கட்டுப்பாடு. ஒரு கிழவியின் சோற்றை மறுக்க ஒன்றுமே வேண்டாமா?

"எங்கோ ஒருவர் இருவருக்கு விரல் பதியாது, அதற்காக..." என்று இழுப்பார்கள். ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. மானியங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றது. அந்த வழக்கில் பேசப்பட்ட தோல்விக் கணக்கு 0.232 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. 100 கோடிப் பேருக்குப் போட்டுப் பாருங்கள், 23 லட்சம். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மாநில ஜனத்தொகை சுமார் 12.5 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு புதுச்சேரி. அதுவும் நல்ல கணக்கு. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையிலேயே, ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்று தோல்வி மதிப்பீடுகள் அச்சாகியிருக்கின்றன. யாருடைய விரல் பதியவில்லை என்று யோசியுங்கள். என் போல் பேனா பிடித்தவன் விரல் பதிகிறது. செங்கல் தூக்கியவள், வலை இழுத்தவன், பாத்திரம் தேய்த்தவள் விரல்தான் பதிவதில்லை.

நான் கேட்பது மூன்றே விஷயம். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

ஒன்று, இயந்திரம் மறுத்தால் அந்த இடத்திலேயே ஒரு சீட்டு தர வேண்டும். தேதி, நேரம், காரணம், இருந்தவரின் பெயர், பதவி, கையெழுத்து, மேலே யாரிடம் போவது என்ற விவரம்.

இரண்டு, அதே அலுவலகத்தில் ஒருவருக்காவது, ஆளை நேரில் பார்த்து, இயந்திரத்தை மீறி 'இவர் இவர்தான்' என்று கையெழுத்திடும் அதிகாரம் வேண்டும். தப்பாகப் போட்டால் அவரைத் தண்டியுங்கள். எங்களை அப்படித்தான் தண்டித்தார்கள்.

மூன்று, ஒரு மனிதர் எழுதி முடிவு செய்யும்வரை பணத்தை நிறுத்தக் கூடாது.

அக்காவின் கதையை முடிக்கிறேன். மூன்றாவது முறை வேறு ஒரு பெண் இருந்தாள். விரலை விட்டுவிட்டு, செல்போனில் முகத்தைக் காட்டும் முறையில் முயன்றாள். கண் சிமிட்டச் சொன்னது. கண்புரை ஆபரேஷன் செய்த கண், அக்கா அதற்குப் புரிகிற மாதிரி சிமிட்டுவதற்குள் இரண்டு முறை நேரம் போய்விட்டது. அந்தப் பெண் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, "பாட்டிம்மா, என்னைப் பாருங்க, மெதுவா" என்று தானும் சிமிட்டிக் காட்டினாள். பதிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அன்று வேலை செய்ததும் ஒரு கிளார்க்தான்.

ஆனால் ஓய்வூதிய உத்தரவில் 9 எழுத்து லட்சுமி, ஆதாரில் 7 எழுத்து லட்சுமி. வங்கியில் அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த நவம்பரில் அது கிளம்பும்.

அதனால் இப்போதே ஒரு தாள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். 'இன்று என் எதிரில் நேரில் நின்ற இவரை, கீழ்க்கண்ட காரணத்தால் நான் ஏற்க மறுக்கிறேன்' என்று ஒரு வரி, அதன் கீழே பெயர், பதவி, கையெழுத்து, தேதி என்று நாலு கோடு. பள்ளியில் எங்களுக்கு, கையெழுத்துக்கு மேலே 'லு எ அப்ருவே' என்று கைப்பட எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். படித்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதற்கும் ஒரு கோடு விட்டிருக்கிறேன்.

யாரும் போட மாட்டார்கள் என்று தெரியும். அந்தத் தாளைக் கையில் வாங்கியதும், பழைய ஃபாரம் மேசையின் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். 38 வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு போகும்போது நீங்களும் ஒன்று எடுத்துப் போங்கள்.