முதல் திரையில் அப்பா பெயர் எதற்கு?

சென்ற மாதம் என் தம்பி மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வேலை கைநழுவிப் போனது. காரணம் நான்தான். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வயதுக்காரர்கள் பலர் அவரவர் வீட்டில் இதே தப்பைச் செய்துகொண்டிருப்பதால் எழுதிவிடுகிறேன்.

பெண் பி.காம்., டேலி தெரியும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரியும். ஒரே பக்கத்தில் ரெஸ்யூம் தயாரித்து என்னிடம் காட்டினாள். மில்லில் பர்சனல் செக்‌ஷனில் 31 வருடம் உட்கார்ந்தவன் அல்லவா நான்! "இதென்னம்மா, மளிகைக்கடைச் சீட்டாட்டம் இருக்குது" என்று தள்ளிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து 'முறையாக' எழுத வைத்தேன். கொட்டை எழுத்தில் பயோடேட்டா என்று தலைப்பு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அப்பா பெயர், அம்மா பெயர், மதம், திருமணம் ஆனதா இல்லையா, நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி (இரண்டும் ஒன்றேதான்!). அப்புறம் பத்தாவதிலிருந்து ஐந்து கட்டம் போட்ட மார்க் பட்டியல். கடைசியில் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. கையெழுத்து வேண்டுமே என்று பிரிண்ட் எடுத்து, போட்டு, மூன்று பக்கத்தையும் போனில் படம் பிடித்து அனுப்ப வைத்தேன்.

போன இடம் கணபதி பக்கம் பம்புக்குப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறை. முதலாளி எனக்குப் பழக்கம். பத்து நாள் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன்.

"அட, அது உங்க வீட்டுப் புள்ளைங்களா? லேத் பக்கத்துல நின்னுக்கிட்டுப் போன்லதானுங்க பார்த்தேன். திறந்தா போட்டோவும் அட்ரஸுந்தான் தெரிஞ்சுது. டேலி தெரியும்னு எங்கீங்க போட்டிருந்தீங்க?"

மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தோம். அவர் கேட்டதோ டேலி தெரிந்த ஆள். வேறு ஒரு பையனை எடுத்துவிட்டார்.

அன்று இரவு ஸ்கேலை எடுத்து அளந்தேன். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். என் போன் திரையின் அகலம் ஏறக்குறைய 70. அதாவது பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது. 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட்டாகத் தெரிகிறது. வாட்ஸப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையை இரண்டு விரலால் விரித்து விரித்து முகூர்த்த நேரத்தைத் தேடுகிறோமே, அதே கதைதான். நாம் தேடுவது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்பதால். பட்டறைக்காரருக்கு என்ன தலையெழுத்து?

நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் இதைக் கேட்டுக் கொதித்தார். "உட்கார்ந்து ஒழுங்காப் படிக்க முடியாதவன்கிட்ட எதுக்குய்யா வேலைக்குப் போகணும்?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? கவரைக் கிழித்து, குண்டூசியைப் பிடுங்கி, ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் இந்தக் கட்டு, அந்தக் கட்டு என்று பிரித்துப் போட்டவன்தானே. எனக்கு மேஜை இருந்தது, அவருக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா பெயரையும் முகவரியையும் அன்று முதலில் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது: அதைப் பார்த்துத்தான் பதிவேட்டில் ஏற்றினோம், நேர்முகக் கடிதம் தபாலில் அனுப்பினோம். இன்று கூப்பிடுவது போனில். பி.எஃப்.புக்கு வேண்டிய அப்பா பெயரை ஆள் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்கிறார்கள். காரணம் போய்விட்டது, பழக்கத்தை மட்டும் பிள்ளைகள் தலையில் கட்டுகிறோம்.

பிரவுசிங் சென்டர்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிளந்து, இடது பக்கம் நீலப் பட்டை அடித்து, தமிழுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம் போட்டுக் கொடுக்கிறார்கள். (மீதி ஒரு நட்சத்திரத்தை யார் பிடுங்கிக்கொண்டார்களோ!) சிலர் பாமினி எழுத்தில் அடித்த வேர்டு கோப்பை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்.

தம்பி மகளும் நானும் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை அவள் சொன்னாள், நான் கேட்டேன். பக்க அளவையே ஏ5 ஆக்கினாள். அகலம் 148தான், அதனால் எழுத்து அவ்வளவாகச் சுருங்கவில்லை. எழுத்து 14 பாயின்ட், ஓரத்தில் குறைந்த இடம், ஒரே பத்தி. மேலே பெயர், அடியில் 'கணக்கர் – டேலி, ஜி.எஸ்.டி.', அதற்கடியில் போன் எண். படமாக இல்லாமல் அடித்த எழுத்தாக இருந்ததால் எண்ணை அப்படியே நகலெடுத்து அழைக்கலாம். மார்க் கட்டங்கள் போய் பட்டத்துக்கு ஒரே வரி. பிரிண்ட் எடுக்காமல் வேர்டிலிருந்தே நேராக பிடிஎஃப். கோப்புக்கு 'ஸ்கேன்' என்றில்லாமல் அவள் பெயர். முதலில் என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கை நீளத்தில் பிடித்து, விரலால் விரிக்காமல் படித்தேன். தெரிந்தது.

"பெரியப்பா, நான் முதல்ல கொண்டுவந்ததும் இப்படித்தானுங்க இருந்துது" என்றாள். பதில் சொல்லவில்லை.

இப்போது மூன்று இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். ஓர் இடத்திலிருந்து புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கொதித்த நண்பர் தன் பேரனின் பயோடேட்டாவைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் அவர் மகன் பெயரோடு, 'ஓய்வுபெற்ற தாசில்தாரின் பேரன்' என்று அவரும் இருந்தார். இரண்டையும் எடுத்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நாளாக ஆள் நடக்க வரவில்லை.