வடகவுஞ்சிக் காடும் தோழர்களின் புத்தகமும்

தோழர்களே, திட்டறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சின்னு ஒரு ஊர். 2008 ஏப்ரலில் அந்தப் பக்கத்துக் காட்டில் நவீன் பிரசாத் என்ற மாவோயிஸ்ட் போலீஸ் என்கவுன்டரில் செத்தார். அதற்கு முந்தின வருஷம்தான் மலைக்குக் கீழே, பெரியகுளம் முருகமலையில் ஆயுதப் பயிற்சின்னு சிலரைப் பிடித்தார்கள். விசாரணை இல்லாம யாரைச் சுட்டாலும் தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி வேற. அந்தப் பையனைக் காட்டுக்குள் அனுப்பியது எது?

புத்தகம்தான். 1927-ல் மாவோ ஜிங்காங் மலையில் தளம் போட்டார், அதனால் நாமும் மலையில் தளம் போடணும். சரி, இங்கே இருக்கிற பளியர்களையும் புலையர்களையும் யாராவது கேட்டாங்களா? போராளி மீன், மக்கள் தண்ணீராம். தண்ணீரா இருக்க சம்மதமான்னு தண்ணீரிடம் கேட்கிற வழக்கம் இல்லை போல.

இதே கொடைக்கானலில் நிஜமான தொழிலாளர் போராட்டம் ஒண்ணு நடந்தது. பாதரசக் கழிவைப் பழைய இரும்புக் கடையில் கொட்டிய தெர்மாமீட்டர் ஃபேக்டரியை 2001-ல் மூட வைத்தார்கள். அப்புறம் மனு, கோர்ட், ஊர்வலம். 2015-ல் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு ஊரெல்லாம் சுற்றியது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷம் ரொம்ப அதிகம்தான். ஆனா துப்பாக்கி தூக்காமல் வந்தது. கூட நின்றவர்களில் பலர் நீங்க ‘குட்டி பூர்ஷ்வா’ன்னு ஒதுக்குகிற ஆட்கள்.

“அவங்க வேற கட்சி, நாங்க வேற” என்பீர்கள். ஒத்துக்கறேன். 2024-ல் கொடைக்கானலையும் சேர்த்த திண்டுக்கல் தொகுதியில் சிபிஎம் ஜெயித்தது. கூட்டணி, ஓட்டு, எம்.பி. சீட்டு, எல்லாம் ஜனநாயக வழிதான். சந்தோஷம். அப்போ கட்சியின் அமைப்புச் சட்டத்தில் ‘பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்’ ஏன் இன்னும் லட்சியமா உட்கார்ந்திருக்கு? அந்த வார்த்தை ரஷ்யாவிலும் சீனாவிலும் கொண்டுவந்த பஞ்சத்தையும் முகாம்களையும் உலகமே பார்த்தாச்சே.

பெரியவங்களுக்கு அது சும்மா ஏட்டுச் சுரைக்காய்னு தெரியும். இருபது வயசுப் பையனுக்குத் தெரியாது. அவன் அதை நிஜம்னு நம்பிக் காட்டுக்குப் போறான். நீங்க ஓட்டுக் கேட்கப் போறீங்க.

நடைமுறையில் கைவிட்டதைப் புத்தகத்திலும் கைவிடுங்க தோழர். அதுக்குப் பேர் துரோகம் இல்லை, பொறுப்பு.